டிரில் மாஸ்டரின் கோடை விதிகள்

பொன்னையா அன்று காலை கலயம் இல்லாமல் வந்தார்.

எங்கள் வளவிலிருந்த ஏழு பனைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரை எங்கள் பக்கத்தில் அக்கானி என்போம். பாளை விட்ட நாள் முதல், வெயில் ஏறுவதற்குள் ஒரு கலயம் அக்கானியை அடுக்களை வாசலில் வைத்துவிட்டுத்தான் அவர் அடுத்த வளவுக்குப் போவார். மழை பெய்த நாளில்கூட அது தவறியதில்லை.

அன்று வெறுங்கையோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னார்.

"இனி இந்த வீட்டுக்கு அக்கானி கிடையாது டீச்சரே."

ஏன் என்று கேட்டேன். சாரிடம் கேளுங்கள் என்றார். சார் வீட்டில் இல்லை; அந்த நேரத்தில் வேதக்கோயில் வளவில் பதினான்கு ஆசிரியர்களுக்கு மூச்சு விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பொன்னையாவுக்கு ஏன் கோபம் வந்தது என்பது புரிய வேண்டுமானால் முதலில் என் வீட்டுக்காரரின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் முழுக்க அவர் உடம்புதான். அவர் இருந்திருந்தால் ஒரு வாரம் போதாது என்றுதான் சொல்லியிருப்பார்.

மார்பளவு முப்பத்தெட்டு

இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்ஜியமாகிவிட்டிருந்த காலம். நாங்கள் சென்னையோடு சேருவதற்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு வரும் தாக்கீதெல்லாம் மலையாளத்தில் வரும். அதைப் படித்துச் சொல்ல ஒரு முன்ஷி இருந்தார். அவர் பின்னால் வருவார்.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். அதே வளவில் கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதனால் அவருடைய கவனமெல்லாம் அவர் உடம்பின் மேலும், மிச்சம் என் உடம்பின் மேலும் இருந்தது.

பெண் பார்க்க வந்தபோது என் அப்பா மாப்பிள்ளையிடம் சம்பளம் என்ன என்று கேட்டார். இவர் சம்பளத்தைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மார்பளவையும் சொன்னார். சாதாரணமாக முப்பத்தெட்டு, மூச்சு இழுத்தால் நாற்பத்தொன்றரை. என் அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்லதுதான் என்றார். வேறென்ன சொல்வார்.

ஒரு விஷயத்தில் நியாயமாக எழுதிவிட வேண்டும். அவர் நல்ல மனிதர். அந்தக் காலத்து டிரில் மாஸ்டர்கள் கையில் பிரம்பில்லாமல் மைதானத்தில் இறங்க மாட்டார்கள். இவர் ஒருநாளும் ஒரு பையனை அடித்ததில்லை. மைதானத்தில் அவருக்கு ஒரே ஒரு கண்டிப்புதான். அங்கே யாரும் எதையும் தின்னக்கூடாது. ஒரு முறை ஹெட்மாஸ்டரே கடலை கொறித்துக்கொண்டு வந்தபோது, தின்று முடித்துவிட்டு வரும்படி வரம்பிலேயே நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டு விதிகள்

அந்த வருஷம் தைக்குப் பிறகு அவர் கொஞ்சம் சோர்ந்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் கால் கனக்கிறது என்றார். வயது முப்பத்தைந்துதான். வேறு யாராவது என்றால் வைத்தியரிடம் போயிருப்பார்கள். இவர் திருவனந்தபுரம் போய் இயற்கை வைத்தியத்தைப் பற்றிய இரண்டு புத்தகங்களோடு திரும்பினார்.

பங்குனி பிறந்ததும் விதிகள் வந்துவிட்டன. முழுத்தாளில் மைதொட்டு அழகாக எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினார். வெயில் காலத்தில் உடம்பின் உள்ளே எரியும் நெருப்பு மங்கிவிடுகிறதாம். சோறு, குழம்பு என்று அதன்மேல் விறகைக் குவித்தால் புகைதான் வருமாம். எளிதில் எரியக்கூடியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நெருப்பும் நிற்கும், உடம்பில் சக்தியும் நிற்கும். கேட்பதற்கு எனக்கே சரியாகத்தான் பட்டது.

கிழக்கு வெளுக்குமுன் எழுந்து கிணற்றடியில் பச்சைத் தண்ணீர்க் குளியல். பிறகு அக்கானி, வயிறு கொள்ளும் மட்டும். பத்து மணிக்கு மட்டி வாழைப்பழம். மத்தியானம் சோற்றுக்குப் பதில் மாம்பழமோ வருக்கைச் சக்கையோ (பலாப்பழம்தான்), மேலே தேன். மூன்று மணிக்கு நுங்கு. தாகமெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பன்னிரண்டு செம்பு வெள்ளம். சாயங்காலம் நான்கு மைல் நடை. ராத்திரி மட்டும் ஒரு பிடி சோறு. தேயிலை கூடாது. மீன் கூடாது. மத்தியானத் தூக்கம் கூடவே கூடாது.

நான் மூன்று நாள் தாக்குப்பிடித்தேன்.

நான்காம் நாள் குளச்சலிலிருந்து மீன்காரி கூடையில் சாளையோடு வந்தாள். அவளை எங்கள் வாசலில் நிறுத்தாமல் பக்கத்து வீட்டுக்கு, அதாவது முன்ஷி வீட்டுக்கு, அனுப்பினேன். பின்வழியாக நானும் போனேன். முன்ஷியின் மனைவி சரோஜினியக்காவும் அதே சட்டத்தின்கீழ் வாழ்ந்துகொண்டிருந்தாள். முன்ஷி எங்கள் வீட்டு விதிகளைப் பிரதியெடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தார். ஆண்கள் இருவரும் வெளியே போன பிறகு நாங்கள் பழங்கஞ்சியும் சாளைப் புளிமுளக் கறியுமாக உட்கார்ந்து, மேலே ஆளுக்கொரு தம்ளர் தேயிலையும் குடிப்போம். பிறகு ஏலக்காய் மெல்லுவோம். அந்தக் கோடை முழுவதும் எனக்கு இருந்த சக்தியெல்லாம் அந்த அடுக்களையிலிருந்து வந்ததுதான்.

மெலியும் மாஸ்டர்

சித்திரையில் பள்ளிக்கூடம் அடைத்ததும், ஆசிரியர்களுக்கு ஒரு கோடை ஆரோக்கிய முகாம் நடத்துவதாக அறிவித்தார். கோயில் வளவில் புன்னை மரத்தடியில், காலை ஆறு முதல் எட்டு வரை. இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். காரணம், என் வீட்டுக்காரர் மெலிந்திருந்தார்.

அதை எப்படிச் சொல்வது? அவர் முறையைத் தொடங்கி ஒரு மாதத்தில் இடுப்பு கரைந்துவிட்டது. பெல்ட்டில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு துளை போட்டார். பத்து நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. முகாமில் பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, ஒவ்வொருவரும் துளைகளைத் தடவிப் பார்க்கும்படி செய்தார். முன்ஷிக்கு வயிறு பெரியது. அவர் அந்த பெல்ட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார் என்று சரோஜினியக்கா சொன்னாள்.

மெலிவு மட்டுமா? தாகம் எடுத்தது. விதியில் பன்னிரண்டு செம்பு என்றிருந்தது, இவர் இருபது குடித்தார். உடம்பு கேட்கிறது, அது விழித்துக்கொண்டுவிட்டது என்றார். சிறுநீர் அடிக்கடி பிரிந்தது. வருஷக்கணக்கில் தேங்கிய கழிவு வெளியேறுகிறது என்றார். பசித்தது. நெருப்பு நன்றாக எரிகிறது என்றார். பிறகு களைப்பும் வந்தது. பழைய உடம்பு கழிந்து புதிய உடம்பு வருகிற இடைவெளியில் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் இருந்ததாம். இன்னும் இரண்டு பனையோலைப் பட்டை அக்கானி கூட்டிக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் நடை முடிந்து வந்தவர் வாசல் படியில் ஏறும்போது சுவரில் கை ஊன்றியதைப் பார்த்தேன். மூன்றே படிகள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுவரில் ஏதோ பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டிவிட்டார்.

நான் அப்போதுதான் சரோஜினியக்கா வீட்டிலிருந்து வந்திருந்தேன். என் வாயில் மீன் வாடை இருந்துவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தேன். அந்தச் சித்திரை மாதம் முழுவதும் அவரிடமிருந்து தப்பிப்பதிலேயே குறியாக இருந்ததால் அவரைச் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

வாழைமூட்டில்

இனி பொன்னையாவின் கோபத்துக்கு வருகிறேன்.

அவர் எதற்கும் முறுக்கிக்கொள்கிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் தலைப்பாகை கட்டி அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போவார். வழியில் பார்த்தால் எங்களுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் வேலியைப் பார்த்துப் பேசியதால் நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என்னைக் கிணற்றுக்குப் பின்னால் கூட்டிப்போனார். வாழை நின்ற இடம். என் வீட்டுக்காரர் ஒதுங்குகிற இடமும் அதுதான். வாழையின் அடிமூட்டைச் சுற்றிக் கட்டெறும்பு கறுப்பாக அப்பிக்கிடந்தது. வேலியிலிருந்து இரண்டு வரிசை வந்துகொண்டிருந்தது. வெயில் பட்ட மண்ணில் பாகு காய்ந்தது போல ஒரு வாடை.

"உசிரைக் கையில பிடிச்சிட்டு ஏறி எறக்குகேன் டீச்சரே. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்லா? குடிச்சேன்னு சொல்லிட்டு இங்க கொண்டு வந்து கொட்டுகது எதுக்கு?"

அவர் கொட்டவில்லை என்றேன். கொட்டாமல் எப்படி எறும்பு வரும் என்றார். முழுக் கலயத்தையும் என் கண் முன்னால்தான் குடிக்கிறார், நான்தான் பட்டை பிடித்துக் கொடுக்கிறேன் என்றேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன்.

அவர் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. குனிந்து ஒரு ஈர்க்குச்சியால் எறும்பை விலக்கிப் பார்த்தார். அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். எழுந்து நின்று, துண்டால் கையைத் துடைத்தார்.

"எங்க மூத்தப்பனுக்கும் இப்படித்தான் எறும்பு வந்துது."

"பெறவு?"

"அடுத்த பனைக்காலத்துல அவரு இல்ல டீச்சரே."

ஒரு பொய்

அவரிடம் நேராகச் சொல்லிப் பார்த்தேன். மிஷன் ஆஸ்பத்திரி மூன்று மைல்தான், ஒரு முறை காட்டிவிட்டு வரலாம் என்றேன். முகாமில் பதினான்கு பேர் தன்னைப் பார்த்து உடம்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது தான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதா என்றார். எறும்பைப் பற்றிச் சொன்னேன். சுத்தமான உடம்பிலிருந்து வருவது இனிப்பாகத்தான் இருக்கும் என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் இவர் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், நோயே இல்லாத ஒரு ஆரோக்கியசாலியின் மூத்திரம் அவருக்கு வேண்டுமாம், மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை நம்புவாரா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஒரு குப்பியை வெந்நீர் விட்டு மூன்று முறை தானே கழுவினார். தாள் ஒட்டி, பெயர், வயது, உயரம், மார்பளவு இரண்டு விதமும் எழுதினார். குப்பியோடு சேர்த்துக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதினார். இரண்டு பக்கம். தன் முறையின் கொள்கைகளும், டாக்டருக்கு ஐயம் ஏதேனும் இருந்தால் முகாமுக்கு வரலாம் என்ற அழைப்பும் அதில் இருந்தன.

டாக்டர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். வயதானவர். கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். சிரிக்கவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு மருந்தை ஊற்றி, குப்பியிலிருந்து சில துளிகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். என்னையும் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் கலங்கி, கடைசியில் ஓட்டுச்சில்லை உடைத்து அரைத்துக் கரைத்தது போலச் செம்மண் நிறமாகக் கீழே படிந்தது.

"சர்க்கரை. நிறைய இருக்கு. அவரு என்ன சாப்பிடுகாரு?"

சொன்னேன். அக்கானி, மாம்பழம், சக்கை, தேன், நுங்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இன்றைக்கே கூட்டி வர முடியுமா என்று கேட்டார்.

உண்ணாவிரதம்

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். செம்மண் நிறத்தைச் சொன்னேன். இது ஊசி போட்டு நிறுத்துகிற நோய், புத்தகத்தால் நிற்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்போ டாக்டர் எங்கிட்ட கேக்கல்ல. நீ பொய் சொல்லி வாங்கிட்டுப் போனே. அப்படித்தானே ஏட்டி?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து பாயைச் சுருட்டி முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த நாள் முகாமுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஆகாரம் தந்த நோயை ஆகாரத்தை நிறுத்திப் போக்குவதாக முடிவு செய்து தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டார். என்னோடு பேச்சும் இல்லை. முகாமில் மாஸ்டர் உண்ணாவிரதம் இருப்பதாகச் செய்தி போய், அவர்கள் மத்தியில் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பாதி ஆராதனையில் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் கிணற்றடியில் குத்தவைத்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். வாந்தியில் வெறும் தண்ணீர். பக்கத்தில் போனதும் மூச்சிலிருந்து அழுகிய பழத்தின் வாடை அடித்தது. நெஞ்சு முழுவதும் ஏறி இறங்க, ஓடிவந்தவர் போல மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்த மாதிரி இல்லை.

நான் போட்ட சத்தத்தில், நிழல்தாங்கலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பொன்னையா வேலியைத் தாண்டி வந்தார். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, அவரும் எதிர்வீட்டு ஆளுமாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். தக்கலையிலிருந்து வந்த பஸ்ஸைப் பொன்னையா நடுரோட்டில் நின்று மறித்தார். நாற்காலியோடு அப்படியே ஏற்றினோம்.

பஸ்ஸில் முன்ஷி இருந்தார். பயபக்தியோடு எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

"மாஸ்டருக்கு இது எத்தனையாவது நாளு டீச்சரே?" என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கு முன்ஷியை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒரு பஸ் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் சாகக் கிடக்கிறார், போய் உங்கள் வீட்டில் சோறு தின்னுங்கள் என்று முடித்தேன். பழங்கஞ்சி விஷயத்தையும் அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். சரோஜினியக்காவையும் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மூன்று விதிகள்

இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. ஊசி ஏறியது, உப்புத்தண்ணீர் ஏறியது. டாக்டர் மணிக்கொரு முறை வந்து கண்ணாடிக் குழாயைக் காய்ச்சிப் பார்த்துவிட்டுப் போவார். செம்மண் நிறம் மஞ்சளுக்கு வந்த அன்று சாயங்காலம் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கண் விழித்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடுதாசியை டாக்டர் படிச்சாரா?"

"படிச்சாரு."

"முழுசுமா?"

"முழுசும்."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பாமலே பேசினார்.

"நேராக் கேட்டிருந்தா நான் குப்பியைத் தந்திருக்க மாட்டேன் கிரேசு."

எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்கிற வழக்கமும் இல்லை, கொடுக்கிற வழக்கமும் இல்லை. அதனால் அதை எதுவாக எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பஞ்சை மறுபடி நனைத்தேன்.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் முறையை விதி விதியாகக் கேட்டார். பன்னிரண்டில் மூன்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். காலையில் எழுவது, பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்கால நடை. மற்றபடி அளந்த சோறு, கீரை, மீன், வேளை தவறாத சாப்பாடு. காலை எட்டு மணிக்கு ஊசி. பதினொரு மணிக்குக் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும், அது தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆபத்தாகிவிடும். என் வீட்டுக்காரருக்கு அந்த மூன்று விதிகளைப் பற்றி மட்டும் கடைசி வரை பெருமை இருந்தது. டாக்டரே ஒப்புக்கொண்டவை என்று சொல்வார்.

நான் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். முதலில் நாரத்தங்காயில் குத்திப் பழகினேன். மருந்துக் குப்பியை மண்பானைக்குள் ஈர மணலில் புதைத்து வைத்தோம். முன்ஷியின் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பதினான்கு பேர் வீட்டுக்கும் நடந்து போய், என்னைப் பார்த்து ஏமாறாதீர்கள், என் மெலிவு நோயின் மெலிவு என்று சொன்னார். பதின்மூன்று பேர் அன்றே தேயிலைக்குத் திரும்பிவிட்டார்கள். முன்ஷி மட்டும் சக்கையையும் அக்கானியையும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்தார். அவருக்கு உண்மையிலேயே வயிறு வற்றியது. எண்பத்தேழு வயது வரை நோயில்லாமல் நடந்தார். எதிரே வரும்போதெல்லாம் எல்லாம் மாஸ்டரின் புண்ணியம் என்பார். அதைக் கேட்க என் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினொரு மணி

ஆனியில் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. நான் தினமும் இரண்டு தோசையைத் தூக்குப்பாத்திரத்தில் வைத்துக் கொடுப்பேன். அவருக்குப் பதினொரு மணி மைதானத்து நேரம். பந்துகள் வைக்கும் சாய்ப்புக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் நின்றபடியே தின்றுவிட்டு வருவார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஹெட்மாஸ்டரும் அவரும் சாய்ப்புக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்ததால் இவர் ஒதுங்க முடியவில்லை. பதினொன்று கழிந்து பன்னிரண்டும் ஆகப்போனது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வரிசைக்கு முன்னால் கால் பின்னிக்கொண்டு பேச்சும் குழறியிருக்கிறது. யாரையோ பார்த்துக் காரணமில்லாமல் கோபமாகக் கத்தியிருக்கிறார். கூடிநின்றவர்களில் விவரம் தெரிந்த யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. டிரில் மாஸ்டர் குடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தார். அக்கானி அக்கானி என்று குடித்தாரே, அது கள்ளுதான் என்று சந்தையில் விளக்கம் வேறு. ஹெட்மாஸ்டர் விஷயம் தெரிந்தவர். டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வாருங்கள், மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மைதான வேலையிலிருந்து மாற்றி ஆபீசில் உட்காரவைக்கிறேன், கௌரவமாக இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, ஊசிக்கு நீட்டுவது போலக் கையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் தோசையை மூன்றாக வை என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு என் வகுப்பில் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு நேரே கிளுவை வேலி, அதற்கப்பால் மைதானம். மழை விட்டிருந்தது. இருநூறு பையன்கள் வரிசையில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் சாய்ப்பிலிருந்து ஒரு பெஞ்சைத் தானே இழுத்துவந்து மைதானத்தின் நட்டநடுவில் போட்டார். உட்கார்ந்தார். தூக்குப்பாத்திரத்தைத் திறந்து மடியில் வைத்தார். பையன்களை நிமிர்ந்து பார்த்துப் பேசினார். டிரில் மாஸ்டரின் குரல், வேலியைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"எனக்குச் சர்க்கரை வியாதி. காலையில ஊசி போட்டா பதினொரு மணிக்குச் சாப்பிடணும். சாப்பிடாட்டா நேத்து மாதிரி ஆவும். நான் குடிக்கல்ல. இனி தெனமும் இந்த நேரத்துல இங்க இருந்துதான் தின்னப்போறேன். சிரிக்கணும்னு இருக்கவங்க இப்போ சிரிச்சுக்கலாம். ஒரு நிமிஷம் தாறேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தோசையைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார்.

என் வகுப்பில் வாய்ப்பாடு நின்றுவிட்டது. பிள்ளைகளும் சன்னலைப் பார்த்தார்கள். நான் அதட்டவில்லை. மாடியில் ஹெட்மாஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் யாரோ ஒருவன் இருமினான். வேறு சத்தமில்லை. ஒரு நிமிஷம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

மூன்று தோசையில் இரண்டைத்தான் அந்த நேரத்துக்குள் முடிக்க முடிந்தது. கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். மூன்றாவதையும் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு எழுந்தார். பாத்திரத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

இருநூறு ஜோடிக் கால்கள் ஈர மண்ணில் நகரத் தொடங்கின. லெஃப்ட், ரைட் என்று அவர் போட்ட சத்தம் வகுப்புக்குள் வந்தது. முதல் நாலைந்து லெஃப்ட் சரியாக விழவில்லை. வாயில் இன்னும் தோசை இருந்தது.